ஊசிக்குப் பதில் வாழைப்பழமா?

"தடுப்பூசி வாழைப்பழம் வந்துவிட்டது, குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி ஊசி இனி வேண்டாம்" என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தவறு. அப்படியொரு பழம் எந்தக் கடையிலும் இல்லை. நடந்தது வேறு. 1992இல் அமெரிக்கத் தாவர அறிவியலாளர் சார்ல்ஸ் ஆர்ன்ட்சன் குழு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தை (தடுப்பூசியில் இருப்பதும் இதுதான்) புகையிலைச் செடியில் உருவாக்கியது. அப்புறம் உருளைக்கிழங்கு. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வில் தன்னார்வலர்கள் அந்தக் கிழங்கைப் பச்சையாகவே தின்றார்கள் (வேகவைத்தால் புரதம் கெட்டுவிடும், பாவம்). பாதிக்கு மேற்பட்டோருக்கு வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் கூடியது, சரி. ஆனால் அவர்கள் எல்லோரும் முன்பே ஊசி போட்டுக்கொண்டவர்கள்! ஊசியே போடாத பச்சைக்குழந்தைக்கு இதை எப்படிப் பொருத்துவது? இப்போது போடும் தடுப்பூசி மருந்து பெரும்பாலும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில் தயாராகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, தள்ளிப்போடாதீர்கள்.