பொட்டாசியமும் இன்சுலினும்
இரத்தத்தில் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் மட்டுமே கட்டுப்படுத்துகிறது என்று பொட்டாசியம் பற்றிய கட்டுரை கூறுவது பாதி உண்மைதான். உணவில் வந்ததைச் சிறுநீரகம் வெளியேற்றி முடிக்கப் பல மணி நேரம் ஆகும் என்பதால், அதுவரை இன்சுலின்தான் அதைத் தசை, கல்லீரல் உயிரணுக்களுக்குள் செலுத்தி, லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் என்ற எல்லையைக் காக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில், நீரிழிவும் சிறுநீரகக் குறைபாடும் உள்ள அப்பாவுக்கு, பொட்டாசியம் நிறைந்த இளநீரையும் நேந்திரம்பழத்தையும் நிறுத்திய பிறகும் இரத்தத்தில் அதன் அளவு 6.1 காட்டியது; இரத்த அழுத்தத்துக்கு நல்லதென்று நாங்களே வாங்கிய சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருப்பதைப் பாக்கெட்டின் பின்புறப் பொடி எழுத்தில் பிறகுதான் படித்தோம். மருத்துவமனையில் குளுக்கோசுடன் இன்சுலின் ஏற்றிய ஒரு மணி நேரத்தில் அளவு இறங்கியது. ஆனாலும் பொட்டாசியம் உடலை விட்டு நீங்கவில்லை, உயிரணுக்களுக்குள் ஒதுங்கியதுதான் என்பதால், இரவு முழுவதும் மறுபடி மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த உப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியாவது சேர்க்க வேண்டுகிறேன்.