பேண்ட் அளவும் வரலாறுதான்

அமெரிக்க அதிபர்கள் தங்கள் பேச்சைப் பதிவு செய்துவைத்த வெள்ளை மாளிகை ஒலிநாடா என்றாலே, அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த நாடாக்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையும் அப்படித்தான். மற்றதெல்லாம் வெட்டிப்பேச்சு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. எனக்கு அந்த வெட்டிப்பேச்சுதான் சுவாரசியம். 1964 ஆகஸ்டில் அப்போதைய அதிபர் லிண்டன் ஜான்சன் ஹேகர் என்ற துணி கம்பெனிக்குப் போன் போட்டு பேண்ட் ஆர்டர் கொடுக்கிறார். பாக்கெட் ஒரு அங்குலம் ஆழமாக வேண்டுமாம், இல்லாவிட்டால் உட்காரும்போது கத்தியும் பணமும் விழுந்துவிடுகிறதாம். உடம்பு ஏறி இறங்குமாம், பிரித்துவிடத் தோதாகப் பின்பக்கம் இரண்டரை, மூன்று அங்குலம் துணி விடச் சொல்கிறார். நடுவில் ஏப்பம் வேறு!

ஆனால் ஜான்சன் பெரும்பாலும் தனக்கு வேண்டிய அழைப்புகளைத்தான் பதிவு செய்ய வைத்தார். அவருக்குப் பின் வந்த நிக்சனின் ஓவல் அலுவலகத்தில், அதாவது அதிபரின் அறையில், 1971 பிப்ரவரியில் வைத்த கருவி, குரல் கேட்டாலே தானாக ஓட ஆரம்பித்துவிடும். மேசைக்குள்ளேயே மைக். 1973 ஜூலையில் நிக்சனின் முன்னாள் உதவியாளர் பட்டர்ஃபீல்ட், வாட்டர்கேட்டை விசாரித்த செனட் குழு முன் இந்த ரகசியத்தைப் போட்டு உடைக்கும்வரை, மற்ற அறைகளையும் போன்களையும் சேர்த்துப் பதிவானது சுமார் 3,700 மணி நேரம். சாட்சியம் என்று பார்த்தால் நிக்சனுடையதைத்தான் அதிகம் நம்புவேன். எதை வைப்பது, எதை விடுவது என்று அந்தக் கருவிக்குத் தெரியாதே. அப்புறம், 1972 ஜூன் 20 நாடாவில் பதினெட்டரை நிமிடம் அழிந்துபோனது வேறு கதை.