மேலிருந்து பார்த்தால் பந்தல்தான் தெரியும்

1980களில் பிரிட்டனின் சானல் 4இல் வந்த 'ட்ரெஷர் ஹன்ட்' என்கிற டிவி புதையல் வேட்டைப் போட்டி பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஸ்டுடியோவில் இரண்டு பேர் வரைபடத்தைப் புரட்டி வழி சொல்ல, அனெகா ரைஸ் ஹெலிகாப்டரில் பறந்து, இறங்கி, மூச்சிரைக்க ஓடுவார். 45 நிமிடம்தான் கெடு. சரி, அதையே இன்று மால்டா தீவின் பழங்காலக் கற்கோயில்களில் எடுக்கலாமே என்று முடித்திருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஹஜார் இம் கோயில் 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. கட்டிய சுண்ணாம்புக்கல் ரொம்ப மென்மை. உப்புக்காற்றும் மழையும் பட்டு மேல்தோல் உரிந்து உதிர்கிறது. அதனால் 2009இல் அதற்கும் பக்கத்து இம்னைத்ரா கோயிலுக்கும் பெரிய வெள்ளைக் கூடாரம் போட்டுவிட்டார்கள். வானத்திலிருந்து பார்த்தால் ஏதோ கல்யாணப் பந்தல் மாதிரிதான் இருக்கும்! அதே தீவில் இருக்கும் ஹைப்போஜியம் என்கிற பழங்காலப் புதைகுழிக் கோயிலோ முழுக்க நிலத்துக்கு அடியில். ஒரு தடவைக்கு 10 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். கேமரா, விளக்கு, ஓட்டம் எல்லாம் அங்கே நடக்கிற காரியமா?

அப்புறம், அங்கே கிடைத்த நிஜப் புதையல் 'தூங்கும் பெண்' என்கிற சுடுமண் சிலை. நீளம் சுமார் 12 செ.மீ., உள்ளங்கையில் அடங்கிவிடும். இப்போது மால்டாவின் தலைநகர் வலெட்டாவில் உள்ள அருங்காட்சியகத்தில் கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். அவளைப் பார்க்க டவுன் பஸ் போதும்.