மீன் நாத்தத்துக்கு ஆப்பசோடாவா? கணக்கைக் கொஞ்சம் பாருங்க

சாளை மீன் கழுவின நாத்தத்துக்கு வினிகரும் ஆப்பசோடாவும் கலந்து தெளிக்கச் சொல்ற அந்த வீடியோவைப் பத்தி இனி வாயே திறக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்து சாயங்காலத்துல இருந்து ஆளாளுக்கு அதையே எனக்கு அனுப்பிட்டு, "அக்கா, இதுக்கும் ஒரு குத்தம் கண்டுபிடிப்பியளே"ன்னு சிரிக்கிற பொம்மை வேற. சரி, கண்டுபிடிச்சாச்சு. உக்காந்து படிங்க.

250 மில்லி ஸ்பிரே பாட்டில். பாதி வரைக்கும் வினிகர். ரெண்டு டேபிள்ஸ்பூன் ஆப்பசோடா. பொங்குது. "பாத்தீங்களா எப்படி வேலை செய்யுதுன்னு!" அரை மூடி எலுமிச்சை. மூடியைத் திருகி, ஆட்டி, மீன் கழுவின சிங்க்ல புஸ் புஸ். "நூறு சதம் இயற்கை, கெமிக்கலே இல்லாத ரூம் ஃப்ரெஷ்னர்." நான் கீழ எழுதினது ஒரே வரி: ரெண்டையும் சேர்த்தா ரெண்டும் வீண், மூடி வைக்காதீங்க, தெறிக்கும். வந்த பதில் உங்களுக்கே தெரியும். "உங்க வீட்ல மீனே வாங்குறது இல்லையா மேடம்?" அதுவாச்சும் பரவாயில்ல. வாசனை எண்ணெய் விக்கிறவ நான், அதனால "யாவாரம் படுத்துப் போச்சுன்னு வயித்தெரிச்சல்"னு ஒண்ணு. அதுக்கு எத்தனை லைக்!

வயித்தெரிச்சலை அப்புறம் பாப்போம். முதல்ல கணக்கு.

125 மில்லி வினிகர், 5 சதம்னு வெச்சா ஆறேகால் கிராம் அசிட்டிக் ஆசிட். அதை அடக்க 9 கிராம் சோடா போதும். அவங்க கொட்டினது 28 கிராம் பக்கம். எலுமிச்சைப் புளிப்பு ஒரு ரெண்டு கிராம் சோடாவைத் தின்னும், அவ்வளவுதான். ஆக அந்த பாட்டில்ல வினிகரும் இல்ல, எலுமிச்சையும் இல்ல. சோடியம் அசிடேட்ங்கிற உப்பு கரைஞ்ச தண்ணியும், மிஞ்சிப்போன சோடாவும்தான். பொங்குனது வேலை செய்யுறதுக்கு அடையாளம் இல்ல. வேலை முடிஞ்சு, சரக்கு தீந்துபோனதுக்கு அடையாளம். வெளிய வர்ற கார்பன் டை ஆக்சைடு ரெண்டரை லிட்டர் இருக்கும். பொங்கி முடியுறதுக்கு முன்னாடி மூடியைத் திருகினா அது எங்க போகும்? மெல்லிசு பாட்டில்னா மூடி கண்ணுக்குத்தான் வரும்.

இதைவிடக் கொடுமை அடுத்தது. மீன் நாத்தம்ங்கிறது டிரைமெத்திலமின். அது காரக் குணம்; மிளகாய்க் காரம் இல்ல, புளிப்புக்கு எதிரான காரம். அதுக்குப் புளிப்பு காட்டணும்; எலுமிச்சை, வினிகர், புளித்தண்ணி, எதுவானாலும் சரி. புளிப்பு பட்டா அது உப்பா மாறித் தண்ணியோட போயிடும், காத்துல பறக்காது. மீனைப் புளி போட்டுக் கழுவின நம்ம ஆச்சிமாருக்கு டிரைமெத்திலமின்னு பேரு தெரியாது, வேலை தெரியும். சோடாவும் காரம். காரத்து மேல காரத்தைப் போட்டா அடங்கிக் கிடந்த நாத்தமும் எழும்பி வரும். அந்த வீடியோவுல அவங்க முகத்தைச் சுளிச்சது நடிப்புன்னு நிறையப் பேரு நினைச்சிருப்பீங்க. எனக்கு அப்படித் தோணல.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. நாத்தம் எங்க இருந்து வருது, என்ன ஜாதி நாத்தம்னு பாக்காம எதையும் தெளிக்காதீங்க. மணம் காட்டுறது வேற, நாத்தத்தை எடுக்கிறது வேற. இதைத்தான் நானும் வருஷக்கணக்கா தொண்டை வறளச் சொல்லிட்டு இருக்கேன்.

மீனுக்கு என்ன செய்யலாம்? வெட்டின பலகை, கத்தி, சிங்க் மூணுலயும் ஒரு பங்கு வினிகர், ரெண்டு பங்கு தண்ணி. பத்து நிமிஷம் விட்டுக் கழுவுங்க. வினிகர் இல்லன்னா குழம்புக்குக் கரைச்ச புளியோட சக்கை போதும். மார்பிள், மொசைக் தரையில மட்டும் வேண்டாம்; புளிப்பு அரிச்சுப் பளபளப்பு போயிடும். கருப்பு கிரானைட் தாங்கும். செதிலும் குடலும் பாலிதீன் கவர்ல கட்டி அடுக்களையிலேயே ராத்திரி கிடந்தா, நீங்க எதைத் தெளிச்சும் பிரயோஜனம் இல்ல. தென்னை மூட்டுல ஒரு முழம் தோண்டிப் புதைங்க. தோட்டம் இல்லாத வீட்டுக்காரங்க அதைக் கவரோட ஃப்ரீசர்ல போட்டு, குப்பை வண்டி வர்ற காலையில எடுத்துக் கொடுங்க. சிங்க்குக்குக் கீழ வளைஞ்சிருக்கிற பைப்பைக் கழட்டிப் பாத்து எவ்வளவு நாளாச்சு? அதுல ஒரு வாரத்துச் சோறு இருக்கும். வெந்நீர் ஊத்தலாம், கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிவிசி இளகிடும்.

இப்ப சோடாவுக்கும் ஒரு நியாயம் சொல்லணும். அது புளிச்ச நாத்தத்துக்கு ராஜா. பிள்ளைங்க ஸ்கூல் ஷூ, டிஃபன் பாக்ஸ், ஃப்ரிட்ஜ், பால் கொட்டின இடம். எல்லாம் ஆசிட் ஜாதி. ஒரு ஷூவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், பழைய சாக்ஸ்ல போட்டு முடிச்சுப் போட்டு ராத்திரி உள்ள வைங்க. நேரா தூவினா கருப்பு ஷூவுல வெள்ளை படிஞ்சு, காலையில பஸ் வர்ற நேரத்துல உங்களுக்குத்தான் சள்ளை. பிள்ளை மூத்திரம் போன மெத்தைக்கு சோடா முதல்ல வேண்டாம். நாள்பட்ட மூத்திர நெடி அமோனியா, அதுவும் காரம். பாதி வினிகர் பாதி தண்ணி தெளிச்சு, துணியால ஒத்தி எடுத்து, வெயில்ல நல்லாக் காய்ஞ்சதுக்கு அப்புறம் மிச்சம் ஏதாவது வாடை இருந்தா சோடா தூவி ரெண்டு மணி நேரம் கழிச்சுத் தட்டுங்க. ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு. சேர்த்து இல்ல. சேர்த்து இல்ல. எத்தனை தடவை?

பாத்ரூம்ல இருந்து சாக்கடை வாடை வருதுன்னு ரூம் ஃப்ரெஷ்னர் தொங்க விடுறவங்களுக்கு: தரையில இருக்கிற ஜாலிக்கு அடியில ரெண்டு இஞ்சு தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணிதான் கதவு. விருந்தாளி வந்தா மட்டும் திறக்கிற பாத்ரூம்ல அது வத்திப் போயிருக்கும். வாரம் ஒரு வாளி தண்ணி ஊத்துங்க, செலவு பூஜ்யம். டாய்லெட்டை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுறவங்க அது மேல வினிகரோ ஆசிட்டோ படாம பாத்துக்கணும். குளோரின் வாயு வரும், விளையாட்டு இல்ல.

"இவளுக்கு எல்லாம் தப்புதான், ஒண்ணும் செய்யக்கூடாதும்பா"ன்னு சொல்ற ஆளுங்களுக்கு: இல்ல. மணத்துக்கும் வழி சொல்றேன், நாத்தத்தை எடுத்த பிறகு.

நம்ம ஊர்ல கையில இருக்கிறதே போதும். புல்தைலத்துல, அதாவது எலுமிச்சைப்புல் எண்ணெயில இருந்து ஆரம்பிப்போம். எர்ணாகுளம் பக்கம் ஓடக்காலியில 1951லயே இந்தப் புல்லுக்குன்னு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க, ஓ.டி.19, அதாவது சுகந்திங்கிற ரகமே அங்க இருந்து வந்தது. கொச்சி துறைமுகம் வழியாப் போனதால உலகச் சந்தையில இதுக்குக் கொச்சின் ஆயில்னே பேரு. எண்ணெயில முக்கால் பங்குக்கு மேல சிட்ரல், அந்த எலுமிச்சை மணத்தைத் தர்ற சரக்கு. ஆனா மார்த்தாண்டத்துலயும் களியக்காவிளையிலயும் தரை துடைக்கன்னு விக்கிற வெள்ளையாக் கலங்குற பாட்டில் அந்த எண்ணெய் இல்ல. அதுல சோப்பு மாதிரி கலப்பான் இருக்கு, அது தரைக்கு மட்டும். ஒரு டம்ளர் தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க: சுத்த எண்ணெய் மேல மிதக்கும், கலப்பு உடனே பாலாயிடும். பால் ஆகுறதை ஸ்பிரேயில போட்டா கட்டில் மேல பிசுபிசுப்பு, டைல்ஸ்ல வழுக்கல்.

ஸ்பிரே செய்முறை: 100 மில்லி கண்ணாடி பாட்டில். முதல்ல 30 மில்லி ஸ்பிரிட். கொரோனா காலத்துல வாங்கிப் போட்ட தண்ணி மாதிரி சானிட்டைசர் மிச்சம் இருந்தா அதுவே போதும், ஜெல் சானிட்டைசர் சரிப்படாது. அதுல 20 சொட்டு எண்ணெய், அதாவது ஒரு மில்லி. ஆட்டுங்க. பிறகுதான் 70 மில்லி ஆறவெச்ச தண்ணி. தண்ணி பட்டதும் கலங்கும், கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க; ஒவ்வொரு தடவையும் ஆட்டி அடிங்க. ஸ்பிரிட்டை விட்டுட்டு வெறும் தண்ணியில எண்ணெய் விட்டா என்ன ஆகும்? எண்ணெய் மேல நிக்கும், ஸ்பிரே குழாய் அடியில இருந்து உறிஞ்சும். மாசம் பூரா வெறும் தண்ணி அடிச்சிட்டு, கடைசி நாலு அடி சுத்த எண்ணெய். அது பாலிஷ் போட்ட டீபாய் மேல விழுந்த இடம் வெளுத்துப் போகும். எரியுற அடுப்பு, விளக்கு பக்கத்துல அடிக்காதீங்க. பூனை வளர்க்கிற வீட்ல இந்த எண்ணெய் வகையே வேண்டாம்.

வேலைக்குப் போற வீட்டுக்கு ஸ்பிரேயைவிட ஜெல் நல்லது, ஆட்டவும் வேண்டாம் அடிக்கவும் வேண்டாம். 250 மில்லி தண்ணி, 4 கிராம் சைனா கிராஸ் (அகர் அகர்), ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு. சைனா கிராஸ் முழுசாக் கரையுற வரைக்கும் கொதிக்கட்டும். நார் தெரிஞ்சா கட்டியாகாது. இறக்கி, பாத்திரத்தை வெளிய தொட்டா கை தாங்குற சூடு வந்ததும், ஒரு ஸ்பூன் ஸ்பிரிட்ல குழைச்ச 30 சொட்டு எண்ணெயை விட்டுக் கலக்குங்க. கொதிக்கும்போதே விட்டா மணம் எல்லாம் அடுக்களையில முடிஞ்சிடும். ஆற விட்டுட்டா 40 டிகிரி பக்கத்துல அது கெட்டியாக ஆரம்பிச்சிடும், எண்ணெய் தனியாத் திட்டு திட்டா நிக்கும். உப்பு பூஞ்சைக்கு. ஜெலட்டின் போட்டுச் செய்யுற வீடியோ எல்லாம் குளிர் நாட்டுக்காரங்களது, நம்ம சித்திரை மத்தியானத்துல அது தண்ணியா ஓடும். சைனா கிராஸ் ஒருதடவை உறைஞ்சா 85 டிகிரி வரைக்கும் இளகாது. ஒண்ணு மட்டும்: பாக்க ஜெல்லி மிட்டாய் மாதிரியே இருக்கும். கலர் போடாதீங்க, பிள்ளைங்க கை எட்டாத உயரத்துல வைங்க.

மழைக்கால முசுட்டு வாடைக்கு இது எதுவும் கேக்காது. நமக்கு ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அலமாரி காயுறதுக்கு நேரமே இல்ல. சிரட்டைக்கரி கால் கிலோ, பருத்தித் துணியில கட்டி அடித்தட்டுல வைங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்க வெயில். கடையில விக்கிற ஆக்டிவேட்டட் கார்பன் அளவுக்கு இது உறிஞ்சாது, ஆனா சிரட்டை சும்மா கிடக்கு. பாச்சை உருண்டையை மட்டும் கைக்குழந்தை துணியோட வைக்காதீங்க. ரத்தச் சிவப்பணுவைக் காக்கிற ஜி6பிடிங்கிற என்சைம் பிறவியிலேயே குறைவா இருக்கிற குழந்தைக்கு அந்த வாடையே ரத்தத்தைச் சிதைக்கும். பிறந்த குழந்தைக்கு அந்தக் குறை இருக்குன்னு யாருக்கு முன்கூட்டியே தெரியும்?

"அந்தக் காலத்துல குந்திரிக்கம் போட்டோம், சாம்பிராணி போட்டோம், யாரு செத்தா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மணம் நல்ல மணம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்தக் கால வீட்டுக்கு முற்றம் இருந்துச்சு, ஓட்டுச் சந்து வழியாப் புகை போச்சு. இப்ப ஜன்னல் பூட்டி ஏசி போட்ட பத்துக்குப் பத்து ரூம்ல, இளைப்பு உள்ள பிள்ளை படுத்திருக்க, புகை போடுறது இயற்கையா இருந்தா என்ன, செயற்கையா இருந்தா என்ன? நுரையீரலுக்குப் புகை புகைதான்.

"இதுக்கெல்லாம் எங்க நேரம்?" இது ஒண்ணுதான் நியாயமான கேள்வி. என்கிட்ட முழுப் பதில் இல்ல. காலையில பத்து நிமிஷம் எதிரெதிர் ஜன்னல் ரெண்டையும் திறங்க. அதுக்கு மேல முடியலன்னா விடுங்க.

"நீ எண்ணெய் விக்கிறவ, அதான் பேசுற." ஆமா, விக்கிறவதான். மேல எண்ணிப் பாருங்க: வினிகர், புளி, சோடா, சாக்ஸ், ஒரு வாளி தண்ணி, சிரட்டைக்கரி, ஜன்னல். இதுல எதை நான் விக்கிறேன்? எண்ணெய் கேட்டு வர்ற பாதிப் பேருக்கு "பைப்பைக் கழட்டிப் பாருங்க"ன்னு சொல்லித் திருப்பி அனுப்புற யாவாரி நான். வயித்தெரிச்சலாம்.

போன மாசம் ஒரு பொண்ணு வந்தா, ரெண்டு பிள்ளை, ஷிஃப்ட் வேலை. மாமியார் வீட்டு ஆளுங்க வந்து "வீடு நாறுது"ன்னு சொல்லிட்டாங்களாம். எது சீக்கிரம் மணக்கும்னு கேட்டா. எங்க நாறுதுன்னு கேட்டதுக்கு அவளுக்குத் தெரியல, சொன்னவங்களும் காட்டல. காட்ட மாட்டாங்க. சாய்ப்புல ஈரத் தோர்த்தை மடிச்சுப் போட்டவரு யாரு, சாப்பிட்ட தட்டுல கையைக் கழுவிட்டு எழும்பிப் போனவரு யாருன்னு எவரும் கேக்க மாட்டாங்க. வீடு நாறினா பொம்பளை சரியில்ல, வீடு மணந்தா பாட்டில் நல்லா இருக்கு. அந்த வீடியோவுக்குக் கீழ ஹார்ட் போட்ட ஆம்பிளைங்க எத்தனை பேரு நேத்து மீன் கழுவுனீங்க? சும்மா கேட்டேன், பதில் வேண்டாம்.

அவளுக்கு எண்ணெய் கொடுக்கல. ஈரத் தோர்த்து, குப்பை வாளி மூடி, சிங்க் பைப், இந்த மூணையும் முதல்ல பாருன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தேன். மேல "வீட்டுக்காரர் கையில கொடுக்கவும்"னும் எழுதினேன்.

கமெண்ட்ல சண்டைக்கு வர்றவங்க வாங்க. அதுக்கு முன்னாடி, நேத்து அந்த வீடியோவைப் பாத்துக் கலக்கி வெச்ச பாட்டில் அடுக்களையில இருந்தா, முகத்தைத் தள்ளி வெச்சுட்டு மூடியை மெதுவாத் திறந்து விட்டுட்டு வந்துடுங்க.