ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

போட்டோ போட்டியில் முதல் பரிசு வாங்கிய அந்த மீன்பிடிப் படத்தை ரெண்டு நாளாக ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். மேலூர்க்காரன் என்பதால் என்னையும் டேக் செய்கிறீர்கள். படம் பிரமாதம்தான். ட்ரோனில் எடுத்தது, வற்றிய கண்மாய், சேறு முழுக்க ஜனம். அதற்குக் கீழே எழுதியிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை: 'பேராசையில் சூறையாடப்படும் நீர்நிலை'. கண்காட்சியில் அதை மாட்டியிருந்த பகுதிக்கு 'சூழல் அச்சுறுத்தல்கள்' என்று பெயர். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் குப்பை, இந்தப் பக்கம் எங்கள் ஊர் ஆட்கள்.

கரையில் நின்ற யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அது மீன்பிடித் திருவிழா. அறுவடை முடிந்து, தண்ணீர் இறங்கி, கண்மாய் காயப்போகிற நேரத்தில் நடப்பது. அதுவரைக்கும் யாரும் வலை போடக் கூடாது, ஊர்க்கட்டுப்பாடு. தண்டோரா போட்டு, சாமி கும்பிட்டு, பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசின பிறகுதான் இறங்கலாம். பிடிக்கிற மீனை விற்க மாட்டார்கள், வீட்டுக்குக் குழம்புக்குத்தான். விட்டுவைத்தாலும் தண்ணீர் வற்றிச் செத்து நாறப்போகிற மீன்தான் அது. கூட்டம் இறங்கின அரை மணி நேரம் ட்ரோனில் தெரியும். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது எந்த லென்ஸில் தெரியும்?

என் சித்தப்பாவுக்கு ஊத்தா போடுவதில் ஊரில் பேர் உண்டு. மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை அது. சேற்றில் ஓங்கி அமுக்கிவிட்டு மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். மீன் மாட்டியிருந்தால் மூங்கில் குச்சியில் முட்டுவது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். முட்டுகிற விதத்தை வைத்தே விராலா ஜிலேபியா என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே எடுப்பார். கெளுத்தி என்றால் கையை விடும் தினுசே வேறு, முள் ஏறினால் விரல் வீங்கிப்போகும். மழைக்காலத்தில் கரையோரத் தண்ணீரில் விரால் பொடிக்குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாகக் கொப்பளிக்கும். அடியில் பெரிய விரால் காவலுக்கு நிற்கும். அந்த நேரத்தில் திருட்டுத் தூண்டிலோடு எந்தப் பையனாவது வந்தால் சித்தப்பா நடுமண்டையில் குட்டுவார். 'பார்ப்போட திரியுறதப் புடிச்சா வம்சம் விளங்காதுடா' என்பார். பார்ப்பு என்றால் குஞ்சு.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்று அரசு சொன்னால் அது அறிவியல். சித்தப்பா சொன்னால் மூடநம்பிக்கை. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்.

'ஊர்க்காரர்கள் எல்லாம் உத்தமர்களா? கரண்ட் வைத்து மீன் பிடிக்கவில்லையா, கண்மாயை ஆக்கிரமிக்கவில்லையா?' என்று வருவீர்கள். செய்கிறார்கள். யார் இல்லை என்றது? அதைப் படம் எடுங்களேன், நானே கூட வந்து டார்ச் அடிக்கிறேன். திருவிழா அன்று வெளியூர்க் கூட்டம் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிறதே, பறவைகள் என்ன ஆகும் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, யோசிக்க வேண்டியதுதான். ஆனால் 'போட்டோகிராபர் என்ன ஆராய்ச்சியா செய்ய முடியும்' என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியாது. ஆராய்ச்சி வேண்டாம் அண்ணே. 'ஐயா, இங்க என்ன நடக்குது?' அவ்வளவுதான். கேட்டிருந்தால் பதிலும் சொல்லி, கையில் ரெண்டு கெண்டையும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

பொறாமையில் பேசுகிறேனாம். நான் அந்தப் போட்டிக்குப் படமே அனுப்பவில்லை.

இது ஒரு படத்தோடு போகிற விஷயமும் இல்லை. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போய் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் எடுக்காத ஆள் நம் வட்டாரத்தில் உண்டா? அந்தப் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத, அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிப் பிள்ளைகளை எத்தனை பேர் எடுத்திருக்கிறீர்கள்? இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டில் உசிலை மரம் அவ்வளவு செழிப்பாக நிற்கிறதே, யார் வேலி போட்டது? குச்சி ஒடிக்கக் கூடாது, செருப்போடு போகக் கூடாது என்று ஊர் வைத்திருப்பதுதான் வேலி. அங்கேயும் ஷூவோடு ஏறி நின்று ட்ரைபாட் விரிக்கிறவர்களைப் பார்த்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து அரிட்டாபட்டியையும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே வல்லூறு படம் எடுக்க கார் கார்களாக வந்தீர்கள், சந்தோஷம். 2024 கடைசியில் அங்கே டங்ஸ்டன் சுரங்கம் தோண்டப்போவதாக வந்த பிறகு நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தது யார்? 2025 ஜனவரியில் சுரங்க ஏலம் ரத்தாகும் வரைக்கும் வேலையை விட்டுவிட்டுக் கிடந்தது யார்? கண்மாயைச் சூறையாடுகிறவர்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிற அதே ஜனம்தான். இவர்களுக்கு 'விழிப்புணர்வு ஊட்ட' வேண்டும் என்று பரிசளிப்பு மேடையில் ஒருவர் பேசினாராம். ஊட்டுங்கள். என் அப்பத்தாவுக்குத் தொண்ணூறு வயதாகிறது, அதற்கும் சேர்த்து ஊட்டுங்கள்.

பரிசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. கண்காட்சி ஞாயிறு வரைக்கும் இருக்கிறது. படத்துக்குக் கீழே இருக்கிற அந்த வரியைக் கிழித்துவிட்டு, எந்தக் கண்மாய், எந்த ஊர், என்ன திருவிழா என்று எழுதி ஒட்டுங்கள். எழுதத் தெரியாவிட்டால் இன்பாக்ஸில் வாருங்கள், சித்தப்பா நம்பர் தருகிறேன். அப்புறம், தயவுசெய்து கமெண்டில் வந்து 'லைட்டிங் செம, ஃப்ரேமிங் செம' என்று போடாதீர்கள். லைட்டிங்கைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை.