என் பணத்தை எப்போது எடுக்கலாம், அதை முதலில் சொல்லுங்கள்

கணக்கிலிருந்து பணம் வெளியே போக ஒரு நொடி போதும். கார்டைத் திரும்பப் பைக்குள் வைப்பதற்குள் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. அதே கணக்கில் ஒரு செக்கைப் போட்டுப் பாருங்கள். வேலை நாள், விடுமுறை நாள், கட்-ஆஃப் நேரம், கிளியரிங், சரிபார்ப்பு எல்லாம் அப்போதுதான் முளைக்கும். போகும்போது இல்லாத நிதானம் வரும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன். செய்த வேலைக்குக் கூலியாக வந்த செக் அது. போட்டாயிற்று. ஆப்பைத் திறந்தால் மேலே பெரிய எழுத்தில் ஒரு தொகை, கீழே பொடி எழுத்தில் இன்னொரு தொகை. மேலே இருப்பதில் என் செக் சேர்ந்திருக்கிறது, கீழே இருப்பதில் சேரவில்லை. எடுக்க முடிவது கீழே இருப்பதை மட்டும்தான். கவுண்ட்டரில் கேட்டேன். "ஹோல்ட்ல இருக்கு." எதுவரைக்கும்? "சிஸ்டமே ரிலீஸ் பண்ணிடும்." என்றைக்கு? "அது எங்களுக்குத் தெரியாது." பேசியவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். என் பணம் எனக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்பது அவ்வளவு தப்பான கேள்வியா?

அவர்கள் சொல்லாததை நானே தேடிப் படித்தேன். படித்த பிறகு கோபம் தணியவில்லை, திசை மாறியது. ஏனென்றால் காத்திருக்கச் சொல்வதற்கு உண்மையிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

செக் என்பது பணம் இல்லை. "இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று ஒருவர் தன் வங்கிக்கு எழுதும் உத்தரவு, அவ்வளவுதான். பணம் இருப்பது எழுதிக் கொடுத்தவரின் வங்கியில். என் வங்கிக்கு வந்து சேர்ந்தது வெறும் உத்தரவு. அதை அந்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். அங்கே கையெழுத்து ஒத்துப்போகிறதா, கணக்கில் இருப்பு போதுமா, பணம் தர வேண்டாம் என்று யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா, எண்ணிலும் எழுத்திலும் ஒரே தொகைதானா, தேதி காலாவதியாகிவிட்டதா என்று பார்ப்பார்கள். ஒன்று இடித்தாலும் செக் திரும்பிவிடும். எல்லாம் சரி என்றால், வங்கிகள் ஒன்றுக்கொன்று தர வேண்டியதையும் பெற வேண்டியதையும் கழித்து மிச்சத்தைத் தீர்த்துக்கொள்ளும். அதுவரை என் கணக்கில் தெரிவது தற்காலிக வரவு. நான் அதை எடுத்துச் செலவு செய்துவிட்டு, நாலு நாள் கழித்து செக் பவுன்ஸ் ஆனால் வங்கி என்னிடம்தான் திருப்பிக் கேட்கும்.

சரி, நியாயம்தான். நான் இப்போது ஒரே பத்தியில் சொன்னதை அந்தக் கவுண்ட்டரில் ஏன் ஒருவராலும் சொல்ல முடியவில்லை?

காகிதமே ஊர் ஊராகப் பயணம் செய்த காலத்தில் நாள் கணக்கு புரிந்துகொள்ளக் கூடியது. அமெரிக்காவில் செக் மூட்டைகள் விமானத்தில் போய்க்கொண்டிருந்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் தரையில் நின்றபோது அவை அப்படியே தேங்கின. மூலச் செக்குக்குப் பதில் அதன் படத்தைக் கொண்டே வேலையை முடிக்க வழிசெய்யும் சட்டம் 2003-இல் வந்தது, அடுத்த ஆண்டே அமலுக்கும் வந்தது. இந்தியாவிலும் செக் இப்போது படமாகத்தான் போகிறது. 2025 அக்டோபர் 4 முதல் படங்களைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும் முறையையும் விட்டுவிட்டு, வரும் செக்குகளை உடனுக்குடன் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும், எதிர்முனை வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்று ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. கெடு வைத்தால் வேலை நடக்கிறது. அப்படியிருக்க "தெரியாது" என்ற பதிலை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

தேதி சொல்ல முடியாது என்பதும் பொய். வங்கிகள் பணத்தை நாள் கணக்கில் பிடித்து வைக்கின்றன என்று மக்கள் புகார் சொல்லிச் சொல்லித்தான் அமெரிக்காவில் 1987-இல் ஒரு சட்டமே போட்டார்கள். வழக்கமான கெடுவைத் தாண்டி ஒரு செக்கை நிறுத்தி வைத்தால், ஏன் என்ற காரணத்தையும் எப்போது எடுக்கலாம் என்பதையும் வாடிக்கையாளருக்கு எழுத்தில் தர வேண்டும். பெரிய தொகை, புதுக் கணக்கு, ஒருமுறை திரும்பி மறுபடி போடப்பட்ட செக், அடிக்கடி இருப்புக்கு மேல் எடுக்கப்பட்ட கணக்கு என்று கூடுதலாக நிறுத்தி வைப்பதற்கான காரணங்கள்கூட அங்கே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. கணினிக்குள் அந்தத் தேதி இல்லாமலா "சிஸ்டமே ரிலீஸ்" பண்ணுகிறது? இருக்கிறது. எங்களிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இதைவிடக் கொடுமையான ஒன்று இருக்கிறது. ஹோல்ட் நீங்கிவிட்டது, பணம் எடுக்க வருகிறது, அப்படியென்றால் செக் பாஸ் ஆகிவிட்டது என்றுதானே எல்லோரும் நினைப்போம்? இல்லை. பல இடங்களில் எடுக்க விடுவது வேறு, செக் உறுதியாவது வேறு. கெடு முடிந்ததால் வங்கி எடுக்க விட்டிருக்கும், போலி என்று அதற்கப்புறம் வாரங்கள் கழித்துத் தெரியவரும். மோசடிக்காரர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். கூடுதல் தொகைக்கு ஒரு செக்கை அனுப்புவார்கள், "மிச்சத்தை எனக்கு உடனே அனுப்பிவிடுங்கள்" என்பார்கள். கணக்கில் பணம் தெரிகிறது, எடுக்கவும் வருகிறது, நம்பி அனுப்புகிறார் ஒரு மனிதர். பிறகு செக் திரும்புகிறது. அனுப்பிய பணம் போனது போனதுதான், வங்கிக்குத் தர வேண்டிய கடனும் அவர் தலையில். அவரைப் பார்த்து "ஏமாளி" என்கிறார்கள். பணம் வந்துவிட்டது என்று அவருக்குத் திரையில் காட்டியது யார்?

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. 2007-இல் அங்கே ஒரு வரிசை வைத்தார்கள்: இரண்டாம் வேலை நாளிலிருந்து வட்டிக் கணக்கு, நான்காம் நாள் எடுக்கலாம், ஆறாம் நாளுக்குப் பிறகு செக் திரும்பினாலும் உங்களிடம் கேட்க முடியாது, மோசடியில் உங்களுக்கே பங்கு இருந்தாலொழிய. 2017 முதல் படம் அனுப்பும் முறை வந்த பிறகு அது அடுத்த வேலை நாள் முடிவதற்குள் என்று சுருங்கியது. எது முக்கியம் தெரியுமா? வேகத்தைவிட அந்த ஆறாம் நாள்தான். இதற்கு மேல் இது உன் பணம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"செக்கெல்லாம் இன்னும் யார் வாங்குகிறார்கள், யுபிஐயில் அனுப்பச் சொல்ல வேண்டியதுதானே" என்று சிலர் கிளம்பி வருவார்கள். வாங்குகிறவனுக்கு எங்கே ஐயா அந்தத் தேர்வு இருக்கிறது? நஷ்ட ஈடும் பழைய பாக்கியும் எந்த வடிவில் வரும் என்பதைத் தருகிறவர்தான் முடிவு செய்கிறார். கிடைத்ததை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பணம் இல்லாமல் அந்த வாரத்தை ஓட்ட முடியாதவர்கள்.

அவர்களுக்கு நடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செக் ஹோல்டில் இருக்கும்போதே தவணைத் தேதி வந்துவிடும். மேலே பெரிய எழுத்தில் இருக்கும் தொகை தவணைக்குப் போதும், கீழே இருக்கும் தொகை போதாது. தவணை திரும்பும், அபராதம் விழும். கடன் கொடுத்தவர் தன் பங்குக்கு இன்னொரு அபராதம் போடுவார். மறுநாள் ஹோல்ட் நீங்கும், அபராதம் நீங்காது. வங்கி தன் பாதுகாப்புக்காகப் பிடித்து வைத்த பணம் அது. அதனால் விழும் அபராதத்தையும் நாங்களே கட்ட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

செக் போட்டால் கிழித்துக் கொடுக்கிறீர்களே ஒரு கவுண்ட்டர்ஃபாயில், அதில் இரண்டு தேதி அச்சடியுங்கள். எந்தத் தேதியில் எடுக்கலாம், எந்தத் தேதிக்கு மேல் இது திரும்பாது. ஹோல்ட் இருக்கும் நாட்களில் அந்தத் தொகையால் சமாளிக்கக்கூடிய தவணை திரும்பினால் அபராதம் போடாதீர்கள். ஆப்பில் பெரிய எழுத்தில் காட்ட வேண்டியது எடுக்கக்கூடிய தொகையை. இதில் ஒன்றைக்கூடச் செய்யாத வங்கி, எங்கள் பணத்தை எங்களுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று இனி என்னிடம் சொல்ல வேண்டாம்.