விழுந்துவிடுவார் என்று கட்டி வைக்கலாமா?

"விழுந்துடுவாங்க, பாதுகாப்புக்காகத்தான் கட்டி வெச்சிருக்கோம்." முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இப்படிச் சொன்னால் பிள்ளைகளும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கட்டிப்போட்டால் விழுவது குறையும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. அசையாமல் கிடந்தால் தசை கரையும், மலச்சிக்கலும் படுக்கைப்புண்ணும் வரும். அவிழ்த்துவிடும் நாளில் கால் தாங்காமல் நிஜமாகவே விழுவார்.

எழ விடாமல் நாற்காலியின் முன்னால் பூட்டிய பலகை, மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகிய போர்வை, கைக்கெட்டாத தூரத்தில் வைத்த வாக்கர் எல்லாம் கட்டுதான். கட்டிலின் இருபக்கமும் ஏற்றிவிடும் கம்பியும் அப்படித்தான். அதைத் தாண்டப் பார்த்து விழுபவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில் சிக்கி இறந்தவர்களும் உண்டு.

மாத்திரையால் போடும் கட்டு கண்ணுக்கே தெரியாது. மறதிநோய்க்காரர் சாயங்காலமானால் கத்துகிறார் என்று குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் என மனநோய்க்கான மருந்து ஏதாவது ஒன்று ஆரம்பமாகும். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005இலும் 2008இலும் எச்சரித்திருக்கிறது. திடீரென்று கத்துகிறார் என்றால் முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் வேறென்ன செய்வார்? ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பணியாளர் வசதிக்காகவோ தண்டனையாகவோ கட்டக்கூடாது என்று அமெரிக்காவில் 1987லேயே சட்டம் வந்துவிட்டது. எந்த ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: இந்தக் கட்டு யாருக்காக?

இதை ஆயாவிடம் கத்திக் கேட்காதீர்கள், பாவம், ராத்திரியில் அவர் ஒருவரே பல கட்டில்களைப் பார்க்கிறார். நிர்வாகத்துக்கு எழுதுங்கள். யார் உத்தரவிட்டது, எந்தத் தேதியிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எப்போதெல்லாம் அவிழ்க்கிறீர்கள், அதற்கு முன் வேறென்ன செய்து பார்த்தீர்கள்? எழுத்தில் பதில் கேளுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது.

ராத்திரி எழுந்திருப்பவர் பல நேரம் பாத்ரூம் போகத்தான் எழுந்திருக்கிறார். படுக்கும் முன்பும் நடுராத்திரியிலும் அழைத்துப்போக ஒரு ஆள், தாழ்வான கட்டில், விடிவிளக்கு, வழுக்காத செருப்பு, கைக்கெட்டும் அழைப்பு மணி. இவற்றைக் கடிதத்திலேயே கேளுங்கள்.

எழுதும் முன் அவரிடமே கேட்டுவிடுங்கள். "விழுந்தா விழுந்துட்டுப் போறேன், நடக்க விடுங்க" என்பவரும் உண்டு. அந்த முடிவை எடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்காவிட்டாலும்.